சனி, ஞாயிறு, ஒரு சாவிக்கொத்து

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு, தூங்கி வழிகிற பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு காரைக்குடி ரயில் நிலையத்தில் நின்றேன். பல்லவன் புதுக்கோட்டையிலேயே நிற்கிறது என்று சென்னைக்காரி அரைமணி நேரமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். "நீ படுடி, நான் ஆட்டோ பிடிச்சு வந்துக்கிறேன்" என்பாள், அடுத்த நிமிஷமே "எந்தப் பக்கம் நிக்கிறே?" என்று கேட்பாள். பள்ளிக்கூடத்திலும் இவள் இப்படித்தான்.

பெயர் போடக் கூடாது என்று இரண்டு பேரும் கண்டிஷனாகச் சொல்லிவிட்டதால் ஒருத்தி சென்னைக்காரி, இன்னொருத்தி டீச்சர். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மூன்று பேருக்கும் ஒரே பெஞ்சு. டீச்சர் தேவகோட்டையில் கணக்கு எடுக்கிறாள், அங்கேயே வீடு. சென்னைக்காரி சினிமாவில் ஆர்ட் டிபார்ட்மென்டில் இருக்கிறாள். முதல் தடவை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மாமியார் "என்ன வேலை பாக்கிறே ஆத்தா?" என்று கேட்க, "செட்டு போடுறோம் அம்மா" என்றாள். அத்தை நல்லா யோசித்துவிட்டு "பம்பு செட்டா?" என்றார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அவள் பம்புசெட்டுக்காரிதான்.

இந்தத் தடவை அவள் வந்தது பாதி எங்களைப் பார்க்க, பாதி வேலையாக. புதுப் படம் ஒன்றுக்கு வீடு பார்க்க வேண்டுமாம். செட்டிநாட்டில் வீடு பார்க்க நூறு ஏஜென்ட் இருக்கிறார்கள், லொகேஷன் மேனேஜர் என்று ஊருக்கு ஊர் ஆள் உண்டு, ஆனால் அவளுக்கு ஒரு குறிப்பிட்ட வீடு வேண்டும், அந்த வீட்டுச் சாவி என் அப்பாவிடம் இருக்கிறது.

அப்பா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொள்கிறார் என்றால் காவல், கூட்டுவது, துடைப்பது, மழை பெய்தால் ஓடு நகர்ந்திருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பது, கரையான், வௌவால், மின்சார பில், எல்லாம்தான். நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. வீட்டுக்காரர்கள் எட்டுப் பங்காளிகள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோலாலம்பூரில், இரண்டு பேர் சென்னை, மற்றவர்கள் கோயம்புத்தூர், பெங்களூரு என்று சிதறிக் கிடக்கிறார்கள். கல்யாணம் என்றால் வருவார்கள், முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்பு என்றால் வருவார்கள். அந்த நாட்களில் வீட்டில் முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். மற்ற நாட்களில் அப்பாவும் ஒரு துடைப்பமும்.

சனிக்கிழமை காலையில் அத்தை வெள்ளைப் பணியாரம் போட்டார்கள். இதற்கு அளவு சொல்லச் சொல்லி சென்னைக்காரி போனை எடுத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். ஓர் ஆழாக்கு பச்சரிசி, அதே ஆழாக்கின் தலையில் கோபுரம் மாதிரி எவ்வளவு உளுந்து நிற்குமோ அவ்வளவு உளுந்து, அதுதான் அளவு. "கிராமில் எவ்வளவு அம்மா?" என்றாள். "கோபுரம் எங்கயாவது கிராமில இருக்குமா" என்றார்கள் அத்தை. புளிக்க வைக்கக் கூடாது, அரைத்த கையோடு ஊற்ற வேண்டும், எண்ணெயில் சிவந்துவிட்டால் அது வெள்ளைப் பணியாரம் இல்லை. வரமிளகாய்த் துவையலோடு அவள் எத்தனை சாப்பிட்டாள் என்று எழுதினால் சண்டைக்கு வருவாள். நாங்கள் கிளம்பும் நேரம் பார்த்து சிலிண்டர்காரர் வந்தார், சில்லறை இல்லை, பக்கத்து வீட்டில் வாங்கி, பையனுக்கு நோட்டு அட்டை வாங்க வேண்டும் என்பது ஞாபகம் வந்து, டீச்சர் தேவகோட்டையிலிருந்து இன்னும் பஸ்ஸே ஏறவில்லை என்று தெரிந்து, ஒரு வழியாக பத்தரைக்குக் கம்பெனி காரில் ஏறினோம்.

கோட்டையூர், பள்ளத்தூர் தாண்டினால் கானாடுகாத்தான். திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் தெருக்கள் அளவெடுத்து வெட்டியது மாதிரி நேராக ஓடும். ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்வாசலில் நின்றுகொண்டு எல்லாக் கதவையும் திறந்துவிட்டால் முகப்பு, முற்றமும் அதைச் சுற்றின தாழ்வாரமுமான வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்தெருவில் போகிற ஆடு தெரியும். சினிமாக்காரர்களுக்கு இந்த ஒரு பார்வைதான் பைத்தியம். யார் வந்தாலும் முதலில் அந்த இடத்தில் நின்று இரண்டு கையையும் சட்டம் மாதிரி வைத்துப் பார்ப்பார்கள். சென்னைக்காரியும் வைத்தாள்.

அப்பா முகப்பில் நின்றிருந்தார், இடுப்பில் சாவிக்கொத்து. அதில் ஒரு சாவி என் முழங்கை நீளம். "வா தாயி, கால் கழுவிட்டு வா" என்றார் அவளிடம். அது அவருடைய சட்டம்: செருப்பு வெளியே, கால் கழுவ வேண்டும், ஸ்டாண்டு வைத்தால் அடியில் சாக்கு போட வேண்டும்.

சட்டம் வந்ததற்குக் காரணம் உண்டு. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு படப்பிடிப்புக்கு வந்தவர்கள் திரை கட்டுவதற்காக வளவுச் சுவரில் ஆணி அடித்துவிட்டார்கள். இந்தச் சுவர் சாதாரணச் சுவர் இல்லை. சுண்ணாம்பை நாள்கணக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு கலந்து தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். (சின்ன வயதில் நான் அதிலே கன்னத்தை வைத்துக்கொண்டுதான் மதியம் தூங்குவேன், யாரும் ஊரில் இல்லாத நாளில்.) ஆணி அடித்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. "பட்டி பார்த்துக் கொடுத்துடுறோம் பெரியவரே" என்று வெள்ளை சிமென்டை அப்பிவிட்டுப் போனார்கள். அது மஞ்சளாகி, வெடித்து, இப்போது சுவரில் ஒரு தேமல் மாதிரி இருக்கிறது. வருகிற ஒவ்வொருவரையும் அப்பா முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போய்த்தான் நிறுத்துவார். பர்மா தேக்குத் தூணையோ நிலைவாசலில் செதுக்கிய லட்சுமியையோ அதற்கப்புறம்தான் காட்டுவார்.

சென்னைக்காரி அந்தத் தேமலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் டேப்பை எடுத்தாள், அளந்தாள், போட்டோ எடுத்தாள், முற்றத்தில் வெயில் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் மாதவாரியாகச் சொன்னார். மார்கழியில் பதினொரு மணிக்கு வடக்குத் தாழ்வாரத்தில் மூன்றாவது தூண், சித்திரையில் நடு முற்றத்திலேயே நிற்கும். வடகம் காயவைத்துப் பழகியவருக்கு இது தெரியாதா. அவள் எழுதிக்கொண்ட வேகத்தைப் பார்த்து டீச்சர் (அப்போதுதான் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்திருந்தாள்) "பத்தாம் வகுப்பில் இப்படி எழுதியிருந்தா நீ கலெக்டர்டி" என்றாள்.

அனுமதி விஷயம்தான் இழுக்கிறது. எட்டுப் பங்கும் சரி சொல்ல வேண்டும். "சிங்கப்பூர் ஆச்சி சரின்னுட்டாக. கோயம்புத்தூர்ல யோசிக்கிறாக. பெங்களூர்ல இருக்கவுக போனே எடுக்கலை" என்றார் அப்பா. வளவைச் சுற்றிக் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று கட்டிய காலத்தில் அது வசதி. இன்றைக்கு ஒரே ஓர் ஓடு மாற்றுவதற்கும் எட்டு ஊருக்குப் போன் போட வேண்டியிருக்கிறது. செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக் கடை வைத்துச் சம்பாதித்த காசில் எழும்பிய வீடுகள், அந்த வரவு யுத்தத்தோடு நின்றுபோனது, வீட்டைப் பராமரிக்கிற செலவு மட்டும் நிற்கவில்லை. அதனால்தான் சில வீடுகள் ஓட்டல், சில வீடுகள் ஷூட்டிங், சில வீடுகள் தூண் தூணாகக் கழன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளுக்குப் போய்விட்டன.

காரில் ஆத்தங்குடிக்குப் போகும்போது ஒரு சின்னச் சண்டை. படத்தின் கதை என்னவென்று டீச்சர் கேட்டாள், சென்னைக்காரியும் சுருக்கமாகச் சொன்னாள்: பெரிய வீடு, இரண்டு அண்ணன் தம்பி, சொத்து, ஒரு கல்யாணம். நான் "எங்க அப்பா மாதிரி ஆளு யாராவது கதையில் இருக்காங்களா?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். "இருக்காரு, வேலைக்காரர் ஒருத்தர்." "என்ன செய்வாரு?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "காபி கொண்டுவருவாரு" என்றாள்.

அதற்கப்புறம் ஆத்தங்குடி வரைக்கும் யாரும் பேசவில்லை. டிரைவர் பாவம், பாட்டைக் கூட்டி வைத்தார்.

அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த வாசல் பின்வாசல்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பின்தெரு வழியாக அடுப்படிக்குள் நுழைந்து, அப்பாவைத் தேடி இரண்டாம் கட்டு வரைக்கும் போவேன். யாரும் தடுத்தது கிடையாது, ஆச்சிமார்கள் வந்தால் கையில் சீயம், மணகோலம் என்று பலகாரம் கொடுத்துத்தான் அனுப்புவார்கள், ஆனால் அப்படித்தான் பழக்கம். முகப்பு வழியாக நான் முதல்முறை உள்ளே போனது ஒரு ஷூட்டிங் அன்று. கல்யாணக் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பட்டுப்பாவாடை கட்டி வரச் சொன்னார்கள். கூட்டத்தோடு கூட்டமாக முன்படி ஏறினேன். ஒரே ஷாட்டை ஒன்பது தடவை எடுத்ததால் ஒன்பது தடவை ஏறினேன். படத்தில் என் தலை கூடத் தெரியவில்லை, அது வேறு கதை. இதைச் சென்னைக்காரியிடம் அன்றைக்குச் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

ஆத்தங்குடியில் அவளுக்கு வேறு வேலை. ஒருவேளை வீடு கிடைக்காவிட்டால் சென்னையிலேயே செட் போட வேண்டும், அதற்குத் தரை வேண்டும். வழக்கமாக, தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல்லின் படத்தை பிளக்ஸ் மாதிரி பிரின்ட் எடுத்துத் தரையில் ஒட்டிவிடுவார்களாம். டைரக்டர் நிஜக் கல்லே வேண்டும் என்கிறாராம். பட்டறையில் ஒரு அண்ணன் கல் போட்டுக்கொண்டிருந்தார். சதுரக் கண்ணாடி, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூப்போட்ட தகர அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறம், சிமென்டில் கரைத்த குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார், நம் வீட்டில் ஆப்பக் கரண்டி பிடிக்கிற அதே லாவகம். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்க வைத்து, அதற்கு மேல் சாந்து வைத்து மட்டம் தட்டுகிறார். அடுப்பு, சூளை எதுவும் கிடையாது. இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறி, அப்புறம் வெயிலில் காய வேண்டும். கண்ணாடி கழன்று வந்துவிடும், கண்ணாடியின் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். பாலிஷ் என்பதே கிடையாது, ஆள் நடக்க நடக்கத்தான் மினுங்கும். "பூட்டி வைச்ச வீட்டில் என்ன செய்வீங்க?" என்று டீச்சர் கேட்டாள். அதற்கு நான் பதில் சொன்னேன்: தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு முட்டிபோட்டுத் துடைக்க வேண்டும். எனக்கு எட்டு வயதிலிருந்து தெரியும்.

சாயங்காலம் முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு சுற்று. எனாமல் தூக்குச்சட்டி இரண்டு, ஊறுகாய் ஜாடி ஒன்று வாங்கினாள், எல்லாம் படத்துக்கு. ஜாடியின் விலையைக் கேட்டு டீச்சர் "எங்க வீட்டுப் பரண்ல நாலு கிடக்குடி" என்று கத்தினாள், கடைக்காரர் அவளை முறைத்தார்.

ராத்திரி இரண்டாம் ஆட்டம் போகலாம் என்று சொன்னது நான்தான். அத்தை "நானும் வர்றேன்" என்று புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றுவிட்டார்கள். பையனை அவன் அப்பாவிடம் தள்ளிவிட்டு நான்கு பெண்களும் கிளம்பினோம். படத்தின் பெயர் சொல்ல மாட்டேன், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பாவம். கதை தஞ்சாவூர்ப் பக்கம் நடப்பதாகத் திரையில் எழுத்துப் போட்டார்கள். ஹீரோ காரை விட்டு இறங்கி வாசற்படி ஏறினார். "ஏ, இது நம்ம கானாடுகாத்தான்ல!" என்றார்கள் அத்தை, தியேட்டர் முழுக்கக் கேட்டது, முன்வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். கதவைத் தாண்டி ஹீரோ உள்ளே கால் வைத்தபோது நான் தரையைப் பார்த்தேன். பச்சையும் சிவப்பும், எட்டிதழ்ப் பூ. அது பள்ளத்தூரில் இருக்கிற வேறு ஒரு வீடு. ஒரு படி ஏறி மனிதர் நாலைந்து கிலோமீட்டர் போய்விட்டார். அப்புறம் கொல்லைப்புறத்துக்கு ஓடினார், அந்தக் கிணறு எந்த ஊரிலும் இல்லை, செட். "கயித்தில் ஈரமே இல்லை பாரு" என்று சென்னைக்காரி என் காதில் சொன்னாள், மத்தியானத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதற்கப்புறம் நாங்கள் படத்தைப் பார்க்கவே இல்லை. அவள் சுவரைப் பார்த்தாள், எது பிளைவுட், எது நிஜம் என்று. நான் தரையைப் பார்த்தேன். டீச்சர் இடைவேளையில் வாங்கிய பப்ஸைப் பிரித்துக்கொண்டே லாஜிக் கேட்டாள். ஹீரோயின் அம்மா சாகிற இடத்தில் பின்னால் ஒருத்தர் அழுதுகொண்டிருக்க, அந்த அம்மாள் விழுந்த இடத்துக் கல் ஒன்று மாற்றிப் போடப்பட்டிருப்பதை நான் கண்டுபிடித்துச் சென்னைக்காரியிடம் காட்ட, இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அத்தை தொடையில் கிள்ளினார்கள். சத்தியமாக வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டையில் டீச்சர் வீட்டில் சாப்பாடு. போகிற வழியில் தேவகோட்டை ரஸ்தா வரும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு ரயில் நிலையம், அவ்வளவுதான். காரைக்குடியில் பிறந்த மெய்யப்ப செட்டியார் 1945-இல் ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸைத் தொடங்கியபிறகு ஸ்டூடியோ வைத்தது இங்கேதான். பாரதியார் பாட்டுகளோடு 1947-இல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்தது. 1948-இல் மூட்டை முடிச்சோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். என் அப்பாவின் அப்பா அந்தக் கொட்டகைகளுக்குக் கீற்று ஏற்றி வண்டி ஓட்டினார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். சென்னைக்காரி காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றாள். பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது, ரோடு, கருவேலம், ஒரு டீக்கடை. "அப்போ உங்க தாத்தா எனக்கு சீனியர்டி, ஆர்ட் டிபார்ட்மென்ட்" என்றாள். டீ குடித்தோம்.

டீச்சர் வீட்டில் மட்டன் உப்புக்கறி, வெண்டைக்காய் மண்டி, கடைசியில் கவுனி அரிசி. கவுனியை முந்தின ராத்திரியே ஊறவைக்க வேண்டும், நாங்கள் படத்துக்குப் போன கூத்தில் அவள் மறந்துபோய் விடிகாலையில் ஊறவைத்திருக்கிறாள், கடிக்க வேண்டியிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை, நிறையச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டு மென்றோம். டீச்சரின் மாமனார் தாழ்வாரப் பத்தியில் படுத்திருந்தார், ஒரு மாதமாக எழுந்து நடக்கவில்லை. அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து அவள் எங்களோடு உட்காரும்போதெல்லாம் பேச்சு பாதியில் நின்று திரும்ப ஆரம்பித்தது. அவள் ஏன் சனிக்கிழமை தாமதமாக வந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை முழுக்க அவளைக் கிண்டல் செய்திருந்தோம். மூன்று பேரும் வெறுந்தரையில் தலையணை போட்டு ஒரு மணி நேரம் படுத்தோம். யாரும் தூங்கவில்லை.

ராத்திரி ரயிலுக்குக் கூட்டம். சென்னைக்காரி ஜாடியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை.

திங்கள் காலை மோட்டார் ஓடவில்லை, மாவு பொங்கி மேடையில் வழிந்திருந்தது, பையனின் நோட்டுக்கு அட்டை வாங்கவே இல்லை என்பது ஏழேமுக்காலுக்கு ஞாபகம் வந்தது. நடுவில் சென்னைக்காரியிடமிருந்து செய்தி. வளவில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே எத்தனை அடி என்று அளந்த தாளைக் காணோமாம், ஆபீசில் வரைபடம் கேட்கிறார்களாம், அவசரமாம். அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை, டேப்பும் தேடவில்லை.

"பதினோரு கல்" என்றார்.

அப்படியே அனுப்பினேன். "கல்லுன்னா எவ்வளவுடி?" என்று திருப்பிக் கேட்டாள். பத்து அங்குலக் கல். கணக்கை டீச்சர் போட்டு அனுப்பினாள், ஒன்பது அடி இரண்டு அங்குலம்.